மார்பகப் புற்றுநோய் மாத்திரையால் 9 கிலோ ஏறிவிட்டது, நிறுத்திவிடலாமா?

கண்ணு, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், இதே தவிப்பில் இருக்கிற மற்றவர்களும் படிப்பார்கள். அம்மாவுக்கு 56 வயது, அம்மாபேட்டையில் வீடு, நோய் வருவதற்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டது. ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து பத்து மாதமாக லெட்ரோசோல் 2.5 மி.கி. போடுகிறார். முன்பு 58 கிலோ இருந்தவர் இப்போது 67. "இந்த மாத்திரைதான் என்னை இப்படி ஊத வைத்துவிட்டது" என்று சொல்லி ஒரு மாதமாக ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறார். நிறுத்திவிடலாமா, வேறு மாத்திரை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்த வேண்டாம். இன்றிலிருந்து தினமும் ஒன்று என்று பழையபடி போடச் சொல்லுங்கள். விட்ட நாட்களுக்குச் சேர்த்து இரண்டாகப் போடவும் கூடாது. இடையில் விட்டுவிட்டுப் போட்டதை அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவாரோ என்று பயந்து பலர் இதைச் சொல்வதே இல்லை. சொல்லாவிட்டால் அம்மா தினமும் போடுகிறார் என்று நினைத்துத்தான் அவர் எல்லா முடிவும் எடுப்பார்.

நான் டாக்டர் இல்லை. சேலத்தில் கீமோ வார்டில் 22 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதோடு, ஏற்காட்டில் இருக்கும் என் அக்காவுக்கு இதே நோய், இதே மாத்திரை, இதே சண்டை. அதனால் நீங்கள் எழுதியதில் பாதியை நான் எங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன்.

அக்கா காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தவள். பழம் பறிக்கிற மாதங்களில் காலையிலிருந்து மாலை வரை சரிவில் ஏறி இறங்குவாள், இடுப்பில் பையோடு. சிகிச்சைக்காகக் கன்னங்குறிச்சியில் என் வீட்டுக்கு வந்து எட்டு மாதத்துக்கு மேல் தங்கினாள். மாத்திரை ஆரம்பித்து ஒரு வருடம் ஆனபோது, "எட்டு கிலோ ஏறிவிட்டது, ஜாக்கெட் ஒன்றும் சேரவில்லை, இந்தச் சனியன் மாத்திரையைத் தூக்கிப் போடு" என்று அழுதாள். நான் பதில் பேசாமல் அவளுடைய ஃபைலை எடுத்துவந்து தரையில் விரித்தேன். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் சீட்டின் ஓரத்தில் எடையைக் குறித்திருப்பார்கள், யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதிவாரியாக எழுதிக்கொண்டே வந்தோம். ஆபரேஷனுக்கு முன் 54.5. கடைசி கீமோ அன்று 58. கரண்ட் முடிந்து லெட்ரோசோல் எழுதிக்கொடுத்த அன்று 60. ஒரு வருடம் கழித்து 62.5. அதாவது அந்த எட்டு கிலோவில் ஐந்தரைக் கிலோ, முதல் மாத்திரை தொண்டைக்குள் இறங்குவதற்கு முன்பே ஏறிவிட்டது.

அம்மாவின் ஃபைலை எடுத்து இதையே செய்யுங்கள். 58க்கும் 67க்கும் நடுவில் எந்த எடை எந்தத் தேதியில் வந்தது என்று பார்க்காமல் மாத்திரையைப் பற்றி ஒரு முடிவும் எடுக்க வேண்டாம்.

ஏன் எல்லாப் பழியும் மாத்திரைமேல் போகிறது என்பது எனக்குப் புரிகிறது. கீமோ சமயத்தில் உயிர் பிழைத்தால் போதும் என்றிருப்போம், கண்ணாடியை யார் பார்த்தார்கள்? அது முடிந்து, முடி கொஞ்சம் முளைத்து, ஒரு கல்யாணத்துக்குப் புடவை கட்டும்போதுதான் உடம்பு மாறியிருப்பது தெரிகிறது. அப்போது கையில் இருப்பது இந்த ஒரு மாத்திரைதான். அதைத்தானே குறை சொல்லத் தோன்றும்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். இதே நோய்க்குக் கொடுக்கிற தமாக்ஸிஃபென் என்ற இன்னொரு மாத்திரையை வைத்து அமெரிக்காவில் 13,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வு 1998ல் வெளிவந்தது. அந்தப் பெண்களுக்குப் புற்றுநோய் கிடையாது, வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை, மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற, மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்பது பெண்களுக்கும் தெரியாது, டாக்டர்களுக்கும் தெரியாது. எடை ஏறிய கதையில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. அனஸ்ட்ரோசோல் என்ற மாத்திரையை இப்படி வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டபோதும் இதேதான் வந்தது. அது உங்கள் அம்மாவின் லெட்ரோசோலுக்கு உடன்பிறப்பு மாதிரி. கீமோவும் ஸ்டீராய்டும் இல்லாத பெண்கள் என்பதால் மாத்திரையை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. வெறும் மாத்திரை போட்டவர்களுக்கும் எடை ஏறியது என்பதைக் கவனியுங்கள். ஐம்பதை ஒட்டிய வயதில், எந்த நோயும் இல்லாத பெண்ணுக்கே வருடத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் ஏறுவது சாதாரணம்.

அப்படியானால் உங்கள் அம்மா சொல்வது பொய்யா என்றால், இல்லை. ஆய்வில் வருவது சராசரி. சராசரிக்கு வெளியே சிலர் இருப்பார்கள். அதோடு மாத்திரைக்கு ஒரு சுற்றுவழியும் உண்டு, அதைச் சொல்வதற்கு முன் இந்த மாத்திரை என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

"ஹார்மோன் மாத்திரை" என்று எல்லோரும் சொல்கிறோம், வார்டிலும் அப்படித்தான் சொல்வோம். அதைக் கேட்டு ஏதோ ஹார்மோனை உடம்புக்குள் போடுகிறார்கள், அதனால் உடம்பு பெருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். நடப்பது நேர் எதிர். அம்மாவின் கட்டி ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்கிற வகை. மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும், ஆனால் உடம்பில் இருக்கும் கொழுப்பும் தசையும் அரோமடேஸ் என்ற நொதியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்துக்கொண்டே இருக்கும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் மூன்றும் அந்த நொதியை முடக்குகின்றன. தமாக்ஸிஃபென் வேறு மாதிரி, அது ஈஸ்ட்ரோஜனைக் குறைக்காது, மார்பக செல்லில் ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். தமாக்ஸிஃபெனை ஐந்து வருடம் ஒழுங்காகப் போட்டவர்களுக்கு அந்த வருடங்களில் நோய் திரும்பி வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, 15 வருடக் கணக்கில் இந்த நோயால் சாவதும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் வகை இன்னும் கொஞ்சம் கூடுதல் பலன் தருகிறது. இந்தப் பலனைத்தான் அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் கைவிடுகிறார். எனக்கு இதை எழுதும்போதே மனசு பதறுகிறது.

சரி, அந்தச் சுற்றுவழி. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் துடைத்தெடுத்த மாதிரி குறையும்போது மூட்டு வலிக்கும். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, கட்டிலிலிருந்து இறங்கிக் காலைத் தரையில் வைத்தால் முதல் பத்து அடி கண்ணாடித் துண்டின்மேல் நடப்பது போல இருக்கும் என்பாள் அக்கா. வலிக்கிறவள் நடக்க மாட்டாள். நடக்காதவளுக்குத் தசை கரையும், தசை கரைந்தால் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறையும், முன்பு சாப்பிட்ட அதே சோறு இப்போது வயிற்றைச் சுற்றிப் படியும். அப்புறம் இரவில் திடீர் திடீரென்று உடம்பு தணலாகக் கொதித்து வியர்க்கும். ஏற்காட்டில் பனிமூட்டத்தில் எல்லோரும் போர்த்திக்கொண்டிருக்க அக்கா மட்டும் சால்வையை உதறிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். சேலத்துச் சித்திரை வெயிலில் உங்கள் அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும், இனிப்பையும் நொறுக்குத் தீனியையும்தான் மனம் தேடும். மாத்திரை இந்த வழியாகத்தான் எடைக்குள் நுழைகிறது. வலியையும் தூக்கத்தையும் கவனிக்காமல் "வாயைக் கட்டு" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் நடக்காது.

மாத்திரைக்கு முன்பே ஏறியதே, அது எங்கிருந்து வந்தது? என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பாக்லிடாக்ஸல் என்ற கீமோ மருந்து ஏற்றும் வாரங்களில் ஒவ்வாமை வராமல் இருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது பசியைக் கிளப்பிவிடும். அக்கா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தயிர்சோறு கேட்பாள், நானும் பிசைந்து கொடுப்பேன். வாய்ப்புண் வந்த நாட்களில் ஜவ்வரிசிக் கஞ்சி, சர்க்கரை போட்டு. நம் ஊர் ஜவ்வரிசி ஊர், எந்த வீட்டிலும் அது இருக்கும், நோயாளிக்கு முதலில் கொடுப்பதும் அதுதான். அந்த நேரத்துக்கு அது நல்லதுதான், வேறெதுவும் இறங்காதே. ஆனால் 100 கிராம் ஜவ்வரிசியில் சுமார் 350 கலோரி, புரதமோ ஒரு கிராம்கூட இல்லை, முழுக்க மாவு. வாய்ப்புண் ஆறிய பிறகும் காலைக் கஞ்சி நிற்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், பேரீச்சம்பழம், ஜூஸ். "உடம்பு தேறட்டும்" என்று ஊட்டினோம், எட்டு மாதம் அவளை ஒரு குடம்கூடத் தூக்க விடவில்லை. நர்ஸாக இருந்தும் என் சொந்த அக்கா விஷயத்தில் எனக்கு இது உறைக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். உங்கள் அம்மா முன்பு தறி நெய்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்கக் கால் மிதித்து, கை நாடா இழுத்துக்கொண்டிருந்த உடம்பு அது. அந்த வேலை நின்றதே பெரிய மாற்றம்.

இதை நாற்பது வயதுக்காரர்கள் யாராவது படித்தால் ஒரு வார்த்தை. கோசெரெலின் அல்லது லியூப்ரோலைடு ஊசி போட்டுச் சினைப்பையைத் தூங்க வைக்கும்போது, பத்து வருடத்தில் மெல்ல வரவேண்டிய மாற்றம் சில வாரங்களில் வந்துவிடுகிறது. உங்கள் உடம்பு மாறுவது உங்கள் சோம்பலால் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இப்போது என்ன செய்வது என்பதற்கு வருவோம். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு, வைட்டமின் டி ரத்தப் பரிசோதனைகள் பற்றிக் கேளுங்கள். லெட்ரோசோல் எலும்பையும் அரிக்கும், அதனால் எலும்பு அடர்த்தியைப் பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் எடுக்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள். தைராய்டு குறைவு நம் பெண்களிடம் மிகச் சாதாரணம், அதைச் சரிசெய்யாமல் பட்டினி கிடந்து பயனில்லை. அப்புறம் எல்லா மாத்திரைகளையும், மற்ற டாக்டர்கள் கொடுத்ததையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கீமோவுக்குப் பிறகு கால் மரத்துப்போவதற்காகக் கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் என்று ஏதாவது கொடுத்திருப்பார்கள். அவை எடையை ஏற்றக்கூடியவை என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். லெட்ரோசோலைத் திட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருக்கிற பிரிகாபலினை யாரும் கவனிப்பதில்லை. அதையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது, குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

வேறு மாத்திரை உண்டா என்றால், உண்டு. வலி தாங்க முடியாவிட்டால் லெட்ரோசோலிலிருந்து எக்ஸிமெஸ்டேனுக்கோ அனஸ்ட்ரோசோலுக்கோ மாற்றிப் பார்ப்பார்கள், சிலருக்கு ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டாலும் இன்னொன்று ஒத்துக்கொள்கிறது. தமாக்ஸிஃபெனுக்கு மாற்றுவதும் நடக்கும், அதில் ரத்தம் உறைவது, கர்ப்பப்பை உள்வரிப் புற்றுநோய் என்று வேறு கவலைகள் உண்டு என்பதால் டாக்டர்தான் எடைபோட வேண்டும். எடைக்காக மட்டும் மாற்றினால் பெரிதாக எதுவும் குறையாது என்பது நான் பார்த்த வரையில்.

நடையும் தசைப் பயிற்சியும்தான் என்னைக் கேட்டால் இந்த மாத்திரைக்குத் துணை மருந்து. லெட்ரோசோல் வகை மாத்திரைகளால் மூட்டுவலி வந்த 121 பெண்களை வைத்து ஒரு வருடம் நடத்திய ஆய்வில், வாரத்துக்கு 150 நிமிட நடையும் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் செய்தவர்களுக்கு வலி ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்தது. வலிக்கிறது என்று உட்காருவதற்குப் பதில் நடந்து வலியைக் குறைத்திருக்கிறார்கள். அக்காவை நான் மூக்கனேரிக் கரையில் கூட்டிப்போனேன். முதல் நாள் பத்து நிமிடம்கூட முடியவில்லை. காலையில் எழுந்ததும் வெந்நீரில் கையை வைத்து விரலை மடக்கி நீட்டி, வலி கொஞ்சம் இளகிய பிறகு கிளம்புவோம். இரண்டு மாதத்தில் அரை மணி நேரம் ஆனது. வீட்டில் நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, முதலில் ஐந்து முறை, பிறகு பத்து. கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், பிறகு ஒரு லிட்டர்.

"ஆபரேஷன் செய்த பக்கக் கையால் எதையும் தூக்கக் கூடாது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அக்குளில் நெறிக்கட்டி எடுத்த கை வீங்கும் என்ற பயம். கை ஏற்கெனவே வீங்கிய 141 பெண்களிடம், கண்காணிப்போடு கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டிப் பார்த்த ஆய்வின் முடிவு 2009ல் வந்தது, வீக்கம் அதிகமாகவில்லை. பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிவிட்டு ஆரம்பியுங்கள், முதல் நாளே தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கூடாது, அவ்வளவுதான். உண்மையில் உடல் எடை கூடுவதும் கை வீக்கத்துக்கு ஒரு காரணம்.

சாப்பாட்டில் நான் அதிகம் சொல்லப் போவதில்லை. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று கொள்ளு ரசத்தை லிட்டர் லிட்டராகக் குடிக்கிறார்கள், ரசத்தில் வருவது வெறும் தண்ணீரும் மணமும்தான், கொள்ளைச் சுண்டலாகச் சாப்பிட்டால் புரதம் வரும். வேளைக்கு ஒரு பிடி பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் என்று ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும், சோற்றை முன்பு வைத்ததில் முக்கால் பங்கு வையுங்கள், மீதி இடத்தில் கீரையும் காயும். காலைக் கஞ்சியையும் ஹார்லிக்ஸையும் இத்தோடு நிறுத்துங்கள், சாயங்காலத் தட்டுவடை செட்டை வாரத்துக்கு ஒருநாள் ஆக்குங்கள், அடியோடு பிடுங்க வேண்டாம், இவ்வளவு பட்டவர் வாய்க்கு ஒரு ஆசை இருக்கட்டும். சோயா சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள், உணவாக அளவோடு சாப்பிடலாம், மாத்திரையாகவோ சாறாகவோ வேண்டாம். பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கிற "மாதம் பத்து கிலோ" பவுடர்களின் பக்கமே போகாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொடியைக் கீமோ பார்த்த கல்லீரல்மேல் ஏற்ற வேண்டாம். வாரம் ஒரு ஊசி போட்டு எடை குறைப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். கொழுப்போடு தசையும் கரையும் என்பதால், ஏற்கெனவே எலும்பு அரிக்கிற மாத்திரையில் இருப்பவருக்கு அதைப் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் வேறு யாரும் ஆரம்பிக்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்காதீர்கள். எடை ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கிலோ கூடுவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வருவது இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் பொறுக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள். மெல்ல ஏறுகிற கொழுப்பு வேறு, இவை வேறு.

அக்கா இப்போது 59ல் நிற்கிறாள், 54.5க்குத் திரும்பவில்லை, திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. பழைய ஜாக்கெட்டுகளை அந்த வாரமே தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்து வாங்கிவந்தேன், அதற்குப் பிறகு மாத்திரைச் சண்டை பாதி அடங்கிவிட்டது. அம்மாவுக்கும் இந்த வாரமே அதைச் செய்யுங்கள், எடை குறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாரத்துக்கு ஒருநாள், ஒரே மெஷினில், காலையில் சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள், மாதம் ஒருமுறை இடுப்பை டேப் வைத்து அளந்து பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபைலைப் பார்த்துவிட்டு, லெட்ரோசோல் எழுதிக்கொடுத்த அன்று அம்மாவின் எடை என்ன இருந்தது, கால் மரத்துப்போவதற்கு ஏதாவது மாத்திரை ஓடுகிறதா, இந்த இரண்டை மட்டும் எனக்கு எழுதுங்கள் கண்ணு.